இறந்தபின் நெருங்கியவர்

நண்பர்களில் பல ரகம் உண்டு. வீட்டுக்கு வந்தால் மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொள்பவர், போன் செய்தால் "இப்பத்தான் உன்னை நினைச்சேன்" என்று கூசாமல் சொல்பவர், நம் புத்தகத்தையே தன் அலமாரியில் அடுக்கிவைத்து நமக்கே பெருமையாகக் காட்டுபவர். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம், போகட்டும். இன்று நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறவர் வேறு இனம். நண்பர் உயிரோடு இருக்கும்வரை இவரை வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்கமாட்டார். நண்பர் கண்ணை மூடினார் என்றால் போதும், எங்கிருந்தோ கிளம்பிவந்து முதல் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர்தான் இறந்தபின் நெருங்கியவர்.

அடையாளம் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. சாவுச் செய்தி கேட்டதும் எல்லாரும் "ஐயையோ, எப்படி?" என்பார்கள். இவரும் அதைத்தான் கேட்பார். ஆனால் பதில் வருவதற்குள், "கூட்டம் எப்போ? யார் யார் பேசறாங்க?" என்று அடுத்ததையும் கேட்டுவிடுவார். அப்புறம் அந்த ஒருமை! நேற்றுவரை வாயைத் திறந்தால் "சார், சார்" என்றவர், இன்று காலையிலிருந்து "அவன்" என்கிறார். "அவன் என்னைக் கேக்காம ஒரு சட்டைகூட எடுக்கமாட்டான்" என்கிறார். செத்தவர் என்ன, எழுந்துவந்து "யாருக்குய்யா நான் அவன்?" என்று கேட்கவா போகிறார்? எல்லாம் அந்தத் தைரியம்தான்.

நம்மவருக்கு டைல்ஸ் கடை. நல்ல மனுஷன், தொழிலில் சுத்தம், உடைந்த டைல்ஸ் ஒன்றைக்கூடப் பெட்டியில் ஒளித்து விற்கமாட்டார். போன மாதம்வரை சாதாரணமாகத்தான் இருந்தார். போன மாதம் லிஃப்ட்காரர் இறந்துபோனார். அன்றைக்குப் பிடித்தது இவருக்கு இந்த வியாதி.

லிஃப்ட்காரர் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய கொட்டகையில் லிஃப்ட் செய்ய ஆரம்பித்து, ஊரில் பாதிக் கட்டடங்களை ஏற்றி இறக்கியவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவார். "லிஃப்ட் விக்கிறவர் எதுக்கு சார் மலையை நடந்து ஏறணும்?" என்று கேட்டால், "அங்கயும் லிஃப்ட் வெச்சிட்டா ஞாயித்துக்கிழமை நான் எங்கய்யா போறது?" என்பார். அவர் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. புது லிஃப்ட் எதுவானாலும், அதை மாட்டிய தொழிலாளியும் முதலாளியும்தான் முதலில் ஏறவேண்டும். வேறு யாருக்கும் அனுமதியில்லை. "உன் கை மேல எனக்கு நம்பிக்கை, என் சம்பளத்து மேல உனக்கு நம்பிக்கை, வா போலாம்" என்று கதவைச் சாத்துவார். ஒருமுறை நடுவில் மாட்டிக்கொண்டு, வெளியே எடுக்கிறவரை அந்த ஆளுக்கு ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். வெளியே வந்து சொன்னது: "ரசிகன் எழுந்து போகமுடியாத ஒரே மேடை இதுதான்." இப்பேர்ப்பட்ட மனுஷன், எத்தனையோ பாறைகளில் தொங்கியவர், ஒரு சாதாரண மத்தியானத்தில் ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. தொழிற்சாலையில் அன்று கண் கலங்காதவர் யாருமில்லை.

நம்மவரும் அவரும் ஒரே கல்லூரி, அது நிஜம். வயசுக் காலத்தில் சில பயணங்களுக்குக் கூடப் போனதும் நிஜம். ஆனால் உயரம் என்றால் நம்மவருக்குத் தலை சுற்றும், தண்ணீர் என்றால் குளியலறை தாண்டி ஒத்துக்கொள்ளாது. ஆகவே மலையடிவாரத்திலும் ஆற்றங்கரையிலும் பையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. பிற்காலத்தில் சந்திப்பும் குறைந்து, புதுக் கட்டடத்துக்கு டைல்ஸ் மாதிரிகளோடு போகும்போது "சார் எப்படி இருக்கீங்க?" என்கிற அளவில் நின்றுவிட்டது.

இப்போது பாருங்கள், அந்த ஆற்றுக் கதையை. லிஃப்ட்காரருக்குக் கல்யாணமான புதிதில், காற்றடைத்த ரப்பர் படகு ஒன்றில், இரண்டே பேர் உட்காரக்கூடிய படகில், புது மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். சுழலில் துடுப்பு கைநழுவிப் போய்விட்டது. டிபன் பாக்ஸ் மூடியால் தண்ணீரைத் தள்ளித் தள்ளியே கரைசேர்ந்தார். நடந்தது இவ்வளவுதான்.

துக்கம் கேட்கப்போன வீட்டில் நம்மவர், "நான் கரையில நின்னு கண்ணால பார்த்தேன்" என்றார். சரி, உண்மை. மறுநாள் முடிவெட்டப்போன இடத்தில், "படகைத் தள்ளிவிட்டதே நான்தானே" என்றார். சமையலறைக்கு டைல்ஸ் பார்க்கவந்த தம்பதியிடம் சொல்லும்போது படகில் ஏறிவிட்டார். வாரம் முடிவதற்குள் டிபன் பாக்ஸ் மூடி அவர் கைக்கு வந்துவிட்டது.

கூட்டத்துக்கு முதல் நாள், கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் அவர் மனைவி வந்தார்.

"என்னங்க, அந்தப் படகுல அவரும் அவர் சம்சாரமும்ல போனாங்க? நீங்க செருப்பைப் பார்த்துக்கிட்டு நின்னதா எங்கிட்ட சொல்லியிருக்கீங்களே?"

"மேடையில போய்ச் செருப்பைப் பார்த்துக்கிட்டேன்னா சொல்ல முடியும்?"

"அந்தம்மா முன்னாடியே உட்கார்ந்திருப்பாங்களே."

"துக்கத்துல இருக்காங்க. இதையெல்லாம் கவனிக்கவா போறாங்க? நீ போய் என் வெள்ளைச் சட்டையை எடுத்து வை."

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். தொழிற்சாலையின் பெரிய கூடம், இயந்திரங்களை ஓரமாகத் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். இடம் போதாமல் தொழிலாளிகள் சுவரோடு நின்றார்கள். நம்மவர் மேனேஜரைத் தனியே தள்ளிக்கொண்டுபோய், "என்னைக் கடைசியா கூப்பிடுங்க. என்னால முதல்ல பேசமுடியாது, மனசு தாங்காது" என்றார். கடைசியில் பேசுபவர்தான் கேட்பவர் மனதில் நிற்பார் என்கிற கணக்கு மனது தாங்காதவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அழைத்தார்கள். ஏறினார். மைக்கைத் தட்டினார், தொண்டையைக் கனைத்தார், ஒரு நிமிஷம் ஒன்றும் பேசாமல் மாலை போட்டிருந்த லிஃப்ட்காரரின் படத்தையே பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே கைதட்டலாம், அவ்வளவு ஒத்திகை.

"டேய்!" என்று ஆரம்பித்தார். கூடம் சிலிர்த்தது. "துடுப்பு போச்சுடா, நாம செத்தோம்டான்னு நீ கத்தினியே! நான் என்ன சொன்னேன்? மேல போறதும் கீழ போறதும்தானேடா நம்ம தொழில், பயப்படாதேன்னு சொன்னேன். மூடியை எடுத்துத் தண்ணியைத் தள்ளினேன். அன்னைக்கு உன்னைக் கரை சேர்த்தவன், இன்னைக்கு ஏமாந்துட்டேனேடா!"

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். லிஃப்ட் செய்தவரின் ஜோக்கை டைல்ஸ் விற்பவர் சொன்னதாக ஆகிவிட்டதே, யாருக்காவது உறைத்ததா? ஊஹூம். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையேறி, "இதைப் பெரிய ஓவியமா வரைஞ்சு நம்ம வாசல்ல மாட்டப்போறோம். ஆறு, படகு, அதுல சாரும் அவர் உயிர்த்தோழரும்" என்று அறிவித்தார். நம்மவர் தலையைக் குனிந்துகொண்டு கீழே இறங்கினார். அடக்கமாம்!

உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்து லிஃப்ட்காரரின் மனைவி மெதுவாகப் பேசினார். "அண்ணா, நான் எங்க உட்கார்ந்திருந்தேன்?"

"என்னம்மா?"

"அந்தப் படகுல. ரெண்டு பேருக்குத்தானே இடம்? ஒண்ணுல அவரு. இன்னொண்ணுல நீங்க. நான் எங்க அண்ணா?"

நம்மவருக்கு வேர்த்தது. "ஒரு வேகத்துல வந்துடுச்சும்மா..."

"மத்த நாளெல்லாம் லிஃப்ட், ஞாயித்துக்கிழமை மலை. அவரை ஊருக்கே பங்கு போட்டுக் குடுத்துட்டுத்தான் குடும்பம் நடத்தினேன். நானும் அவரும் மட்டும்னு ஆகாயத்துக்குக் கீழ இருந்தது அந்த ஒரு படகுதான். அதை வாசல்ல மாட்டப்போறாங்களாம், நான் இல்லாம." குரல் உடைந்தது. "அதுலயும் வந்து ஏறிட்டீங்களே!"

கல்லும் கரையும், நம்மவர் கரையாமல் இருப்பாரா? கண்ணீர் பொலபொலவென்று வந்தது. நெஞ்சில் கைவைத்து, "இதோ, இப்பவே சரிபண்றேம்மா" என்று எழுந்தார். நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்த கணக்கரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"ஒரு சின்னத் திருத்தம்" என்றார். "படகுல நாங்க மூணு பேர் இருந்தோம்."

பாருங்கள் இந்தப் பெருந்தன்மையை! படகை விட்டு இறங்கச் சொன்னால், நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கிறார்.

அந்த அம்மாள் எழுந்தார். மேடைக்கு வந்து மைக்குக்குக் கை நீட்டினார். நம்மவர் கொடுத்தார், கொடுக்காமல் என்ன செய்வார்?

"அது ரெண்டு பேர் படகு" என்றார் அவர். "நானும் என் வீட்டுக்காரரும்தான் இருந்தோம். துடுப்பு போனதும் செத்தோம்னு கத்தினது நான். அந்தத் தொழில் ஜோக்கை எனக்குச் சொன்னது அவர்."

நம்மவர் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றார்.

"அண்ணா கரையில இருந்தாங்க. நாங்க திரும்பி வந்தப்போ, எங்க செருப்பை நெஞ்சோட கட்டிப்பிடிச்சிக்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டிருந்தாங்க. நாங்க செத்துட்டோம்னு நினைச்சிட்டாங்க. என் வீட்டுக்காரர் உலகத்துல எதையும் ஜோக்கடிக்காம விட்டதில்ல, உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா அதை மட்டும் ஒரு நாளும் ஜோக்கடிச்சதில்ல, யார்கிட்டயும் சொன்னதுமில்ல. 'எனக்காக ஒருத்தன் அழுததை நான் உசிரோட பார்த்துட்டேன்'னு எங்கிட்ட மட்டும் சொல்லுவார். வரையறதுன்னா அப்படியே வரைங்க."

இத்தனை நாளாக ஊர் முழுக்கக் கதை சொன்னவர், தான் நிஜமாகவே நண்பனாக இருந்த அந்த ஒரு கணத்தை, வெட்கக்கேடு என்று நினைத்து ஒவ்வொரு முறையும் வெட்டியெறிந்திருக்கிறார். மேடையில் எல்லார் முன்னாலும் மறுபடி தேம்பினார். இந்தத் தடவை ஒத்திகை இல்லை. மூக்கெல்லாம் ஒழுகி, வெள்ளைச் சட்டை நனைந்து, பார்க்க நன்றாகவே இல்லை.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அட, போங்கள்! போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். "நான் அன்னைக்கு அழுத அழுகை இருக்கே, எதிர்க்கரைக்காரங்க கூடி வந்துட்டாங்க" என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அந்த எதிர்க்கரைக்காரர்களும் அழுவார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கும் போய்ச் சேர்ந்த நண்பர் ஒருவர் இருப்பார், இல்லாமலா? இந்தக் கணமே அவரைப் பற்றி ஒரு சம்பவத்தை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். அவசரமில்லை, நான் காத்திருக்கிறேன்.

ஆயிற்றா? அதில் அவர் எந்த மூலையில் நின்றார்?