எட்டுக்குப் பத்தில் ஓர் அகலப்பாதை

மச்சான் எங்கள் வீட்டில் வந்து தங்காமலிருக்க ஒரே வழி, தங்க இடமில்லாமல் செய்வதுதான் என்று முடிவெடுத்தேன். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் நானாக எடுத்த முதல் முடிவு.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஒண்டிக்கட்டை. "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்" என்று போன் செய்திருந்தார். போன தடவை அவருடைய 'கொஞ்ச நாள்' பதினான்கு மாதம் ஓடியது.

வீட்டில் காலியாக இருந்தது பின்னறை மட்டும். எட்டடிக்குப் பத்தடி. அதில் பொம்மை ரயில் போட ஆரம்பித்தேன். மீட்டர் கேஜ் போட்டால் ஓர் ஓரம் மிஞ்சும். மிஞ்சினால் கட்டில் வரும். கட்டில் வந்தால் மச்சான். ஆகவே பிராட் கேஜ். நாலு சுவரையும் சுற்றிப் பலகை. நடுவில் நான் ஒருவன் நிற்க ஒரு பொந்து. குனிந்துதான் உள்ளே போகவேண்டும்.

மனைவி எதிர்க்கவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

"கொஞ்சம் சின்னதாப் போடக் கூடாதாங்க?"

"வளைவைக் குறைச்சா இன்ஜின் கவுந்துடும்."

"வேணாம்னா கழட்டிடலாமா?"

"சுவத்தோட அடிச்சாச்சு. வீட்டை இடிச்சாத்தான் உண்டு."

"எலி கிலி வந்தா?"

எனக்கே தோன்றாத காரணம். லபக்கென்று பிடித்துக்கொண்டேன்.

"அதான் சொல்றேன். ஒயரைக் கடிச்சா போச்சு. ஆள் பக்கத்துலயே இருக்கணும்."

"ராத்திரியுமா?"

"ராத்திரிதானே எலி வரும்!"

"எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா. நீங்கதான் பாத்துக்கணும்."

"நான்தான். வேற யாரையும் உள்ள விடறதா இல்ல."

அண்ணனுக்கு இடமில்லையே என்று முகம் வாடியிருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கூடவே நாலு பெட்டி. துக்கம் விசாரிக்கும் குரலில் பின்னறையைத் திறந்து காட்டினேன்.

"பாருங்க மச்சான், உட்காரக்கூட இடமில்ல."

"எனக்கெதுக்கு மாப்ளே அது? தங்கச்சிதான் பெட்ரூமைக் குடுத்துட்டாளே!"

திரும்பினேன்.

"நான் ஹால்ல படுத்துக்கறேன்," என்றாள் மனைவி. "உங்க பாயும் தலகாணியும் பலகைக்கு அடியில இருக்கு. எலிக்கு ஆள் வேணும்னீங்களே."

தரைக்கும் பலகைக்கும் இடையே இரண்டரை அடி. மேலே பிராட் கேஜ் கம்பீரமாக வளைகிறது. கீழே நான் மீட்டர் கேஜாகச் சுருண்டு படுக்கிறேன். என் கட்டிலில் மச்சான் கை கால் பரப்பிக் கிடக்கிறார். அவள் ஒரு சண்டை போட்டிருக்கலாம். என்னையும் ஓர் எதிரியாக மதித்தாள் என்ற திருப்தியாவது மிஞ்சியிருக்கும்.

சரி, ரயிலாவது இருக்கிறதே என்று மறுநாள் வண்டியை ஓட்டினேன். ஒரு சுற்று முடிவதற்குள் மனைவி வந்து கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினாள். அண்ணனுக்குச் சத்தம் ஆகாதாம். அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் மட்டும் வண்டி ஓடலாம்.

மச்சானுக்கு வெளியே போகும் பழக்கம் கிடையாது.