உள்தாழ்ப்பாள் கோரும் விண்ணப்பம்

இரவு ஒன்பதரைக்கு, புஷ்பலதாவின் அறைக் கதவு 'கிரீச்' என்றது. யாரோ வெளியிலிருந்து தள்ளினார்கள். மடியில் எட்டு மாதக் குழந்தை. கணவன் தனேஸ்வரனோ முன் கேட்டில் ஜாகா வேலையில், இரவுக் காவலில். அரிசி வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதன்மேல் தானும் உட்கார்ந்து, கான்வென்டில் படித்தவளாகையால் மாதாவையும் மாரியம்மனையும் மாறிமாறிக் கூப்பிட்டாள்.

அது சாதாரண வீடல்ல. மலேசியாவில், கோலா கங்சார் பக்கம், விக்டோரியா ராணி காலத்தில் ரப்பர் எஸ்டேட் துரை ஒருவர் கட்டிய பங்களா; இப்போது அருங்காட்சியகம். துரையின் கட்டில், குளியல் தொட்டி, மீசை சீவிய சீப்பு எல்லாம் பத்திரமாக இருந்தன. பின்கட்டில், வேலைக்காரர் அறையில் ஜாகா குடும்பம் இருந்தது. அதுவும் பத்திரமாக இருப்பதாகவே பதிவேடு சொன்னது.

விடிந்ததும் அவள் காப்பாளர் குலசிங்கத்திடம் போனாள்.

“சார், கதவுக்கு உள்ளுக்குள்ள ஒரு தாழ்ப்பாள் வேணும். வேற ஒண்ணும் வேணாம்.”

“பாரும் பிள்ளை, வேலைக்காரர் அறைக்கு வெளித்தாழ்ப்பாள் மட்டும்தான். துரை நினைச்ச நேரம் திறக்க வேணும், நினைச்ச நேரம் பூட்ட வேணும். அதுதான் வரலாறு. வரலாற்றிலை ஓட்டை போட ஏலுமோ?”

“ஓட்டை கதவுலதான் சார். நாலே நாலு ஸ்க்ரூ.”

“நாலு ஸ்க்ரூவிலைதான் பாரம்பரியம் அழியத் தொடங்குது.”

ஆனாலும் இரக்கமுள்ளவர். விண்ணப்பத்தை மூன்று பிரதிகளில் பெற்றுக்கொண்டார். அதன் பலனாக ஈப்போவிலிருந்து கலாதேவி என்ற 'பாரம்பரிய அனுபவ ஆலோசகர்' வந்து இறங்கினாள். கழுத்தில் ரப்பர் கொட்டை மாலை. முப்பது வருடம் ரப்பர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த புஷ்பலதாவின் அம்மாவுக்கு அப்படியொரு நகை தோன்றவே இல்லை.

“அக்கா, அந்தச் சத்தத்த இன்னொரு தடவ சொல்லுங்க, ரெக்கார்ட் பண்றேன்.”

“கிரீச்சுன்னு…”

“சூப்பர் லா! ஈப்போல எத்தன பழைய வீடு! ஒண்ணுலயாச்சும் சொந்தமா பேய் இருக்கா?”

“பேய் இல்லம்மா, ஆளு. மண்ணுல செருப்புத் தடம் இருக்கு.”

“பூட்ஸா?”

“ஜப்பான் சிலிப்பர். கடையில விக்கிற சாதா ரப்பர் செருப்பு.”

குலசிங்கம் குனிந்து தடத்தை ஆராய்ந்தார். “அப்ப இது ஜப்பான்காரன் காலத்துப் பேய். ஒரே வீட்டிலை ரெண்டு காலகட்டம்! மானியம் கூட்டிக் கேக்கலாம்.”

அடுத்த வாரம் விளம்பரம் வந்தது: 'துரை பங்களாவில் திகில் இரவு. கட்டணம் தலைக்கு முப்பது வெள்ளி.' கூடவே ஓர் உத்தரவும் வந்தது: 'மேற்படி குடியிருப்பாளர் சனிக்கிழமைதோறும் இரவு எட்டு முதல் பத்து வரை வழக்கம்போல் பயந்துகொண்டிருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். குழந்தை அழுவது விரும்பத்தக்கது.'

“போயிடலாங்க,” என்றாள் தனேஸ்வரனிடம்.

“போலாம். எங்க போலாம்? வேல போனா வீடும் போச்சு லா.”

சனிக்கிழமை இருபத்தாறு பேர் வந்தார்கள். தனேஸ்வரன் கேட்டில் டிக்கெட் கிழித்தான். பின்கட்டு முற்றத்தில் விளக்கை அணைத்தார்கள். மூங்கில் புதருக்குள் யாரோ நடக்கும் சத்தம். பிறகு ஓர் ஆண் இருமினான். கூட்டம் கைதட்டியது.

“நல்லா நடிக்கிறாரு. யாரு அது?”

“நாங்க யாரையும் வைக்கலியே…” என்றாள் கலாதேவி.

கைதட்டல் நின்றது. இருபத்தாறு பேரும் ஆலோசகரும் காப்பாளரும் புஷ்பலதாவின் அறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினார்கள். இருபத்தெட்டு கைபேசி வெளிச்சங்கள் கதவை மேலும் கீழும் தடவின.

“தாழ்ப்பாள் எங்க? ஐயோ, தாழ்ப்பாள் எங்க?”

“வரலாற்றின்படி…” என்று தொடங்கிய குலசிங்கத்தை யாரோ கைப்பையால் அடித்தார்கள்.

அந்த நெரிசலில், உத்தரவுப்படி உள்ளே உட்கார்ந்திருந்த புஷ்பலதா குழந்தையோடு பங்களாவின் சமையற்கட்டு வழியாக நழுவினாள். சிவப்புக் கயிற்றைத் தாண்டினாள். துரையின் படுக்கையறை. கதவின் உட்புறத்தில், கூலிக்காரர்கள் ராத்திரியில் வந்துவிடுவார்களோ என்று துரை மாட்டிய ஒரு முழ நீளப் பித்தளைத் தாழ்ப்பாள். பக்கத்தில், 'தொடாதீர்கள்' என்ற பலகை.

அவள் கதவைச் சாத்திய கையோடு கூட்டமும் அதற்கு வெளியே வந்துவிட்டது.

“பிள்ளை, திறவும்! நாங்கள் எல்லாரும் பயந்துபோய் நிக்கிறம்!”

“அதுக்குத்தானே சார் முப்பது வெள்ளி கட்டியிருக்காங்க,” என்று சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, புஷ்பலதா தாழ்ப்பாளைப் போட்டாள்.