யானை ரோட்டுக்குப் பூட்டிய இரண்டு லைட்

பயப்படுவதற்கென்றே ஆண்டவன் ஒரு மனிதரைப் படைத்து, அவரை எங்கள் ஜெயபுரம் பக்கம் இறக்கிவிட்டிருந்தான். மோட்டார் சைக்கிளுக்கு வயர் வேலை, லைட் வேலை செய்கிறவர் கரண்டுக்குப் பயப்படலாமா? இவர் பயப்பட்டார். பற்றறியைத் தொடமுன் கும்பிடுவார், தொட்டபின் திரும்பவும் கும்பிடுவார். மழைக்குப் பயம், பொலிசுக்குப் பயம், தான் இறுக்கிய நட் தளர்ந்துவிடுமோ என்று பயம். எதற்கும் முதலில் "பொறுங்கோ" என்பார். "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டாலும், "பொறுங்கோ, கொதிக்குதோ?" என்பார். அதனால் ஊரில் அவருக்குப் 'பொறுங்கோ' என்றே பெயர்.

யானையால்தான் நான் அவரிடம் போக வேண்டி வந்தது. என் மூத்த மகள் வதனிக்குக் கிளிநொச்சியில் புடவைக்கடையில் வேலை. பின்னேர பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்குவாள். அங்கிருந்து எங்கள் வீடு வரைக்கும் பற்றைக்காடு. மாரி தொடங்கினால் வேளைக்கே இருட்டிவிடும், யானைகளும் ரோட்டுக்கு வந்துவிடும். ஆறு மணிக்குப் பிறகு ஓட்டோக்காரர் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டார்கள். நான்தான் மோட்டார் சைக்கிளில் போய் ஏற்றி வருவேன். அதன் லைட்டோ எங்கள் சாமியறை விளக்கைவிடச் சற்றுத்தான் கூட. ஒரு நாள், கறுப்பாய் நின்ற ஒன்றைப் பற்றை என்று நினைத்துக் கிட்டப் போனேன். பற்றை காதை ஆட்டியது. வதனி என் சட்டையைப் பிடித்த பிடியில் தையல் விட்டுப்போனது. மறுநாளே இரண்டு லைட் வாங்கிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன்.

"பொறுங்கோ. ஏன் இந்த லைட்?"

"யானைக்கு அண்ணை."

"யானைக்கு ஏன் லைட்?"

"எனக்குத்தான். யானையைப் பாக்க."

"அது உங்களைப் பாத்திட்டுதெண்டால்?"

லைட் இரண்டையும் அவர் கையில் வைத்தேன். அவற்றைக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்.

எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் கம்பியில் லைட் இரண்டையும் பூட்டினார், கழற்றினார், திரும்பப் பூட்டினார். கைபிடியில் தனியாக ஒரு சுவிச்சு வைத்தார். "யானை நிண்டால் இதை அமத்தி லைட்டை நூத்துப்போடுங்கோ. முகத்தில வெளிச்சம் அடிச்சால் அதுக்குக் கோவம் வரும். எஞ்சினை நிப்பாட்டக் கூடாது. எங்க, சொல்லுங்கோ பாப்பம்" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நானும் சொல்லிக் காட்டினேன்.

அடுத்த பயம் வந்தது. "பொறுங்கோ. பின்னால ஆள் இருந்தால் முன்பக்கம் கிளம்பும். வெளிச்சம் ரோட்டை விட்டிட்டு மரத்துக்குப் போயிடும். பிள்ளை எத்தினை கிலோ?"

என் மனைவிக்குப் பொல்லாத கோபம். "குமர்ப்பிள்ளையின்ர கிலோவை உங்களுக்கு ஏன் அண்ணை சொல்ல வேணும்?"

"ஐயோ, குறை நினையாதேங்கோ அக்கா. பாரம் தெரிஞ்சால்தான் லைட்டைச் சரியாய்த் திருப்பலாம்."

"அப்ப நான் ஏறி இருக்கிறன்."

"பொறுங்கோ, பொறுங்கோ. நீங்கள் இருந்தால் லைட் மேல பனை வட்டைத்தான் காட்டும்."

மனைவி அதற்குப் பிறகு அவருடன் கதைக்கவில்லை. பிள்ளையின் பாரத்துக்குப் பக்கத்துக் கடை அரிசி மூட்டை ஒன்றைத் தானே தூக்கி வந்து சீற்றில் கட்டினாள். கட்டிய வேகத்தில் கயிறு அறாதது பெரிய காரியம்.

இருட்டுப்படும் மைம்மல் நேரம் பிள்ளையார் கோயில் மதிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினோம். வெளிச்சம் விழ வேண்டிய உயரத்துக்கு அவர் மதிலில் சோக்கால் கோடு கீறிக்கொண்டிருந்தார். புதிதாக ஒன்று பூட்டினால் சாமிக்குக் காட்டாமல் ஓடலாமா? மனைவி சக்கரத்துக்குத் தேசிக்காய் வைத்தாள். லைட்டும் வண்டிக்குக் கண்தானே என்று, இரண்டு கண்ணாடிக்கும் மூன்று குறி திருநீறு பூசி, நடுவில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். தட்டைப் பிடித்தது நான்.

சுவிச்சைப் போட்டார். மதிலில் கோட்டுக்கு நேராக, வெளிச்சத்துக்கு நடுவில் இரண்டு கறுப்பு ஓட்டை.

"ஐயோ, லைட் பழுது!" என்று பியூசைக் கழற்றினார். வயரை உருவினார். திரும்பக் கொழுவினார். அப்பவும் ஓட்டை. எல்லோரும் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றோம். விளக்கு ஏற்ற வந்த பூசாரி ஐயாதான், "மதிலை விட்டிட்டு லைட்டைப் பாருங்கோவன்" என்றார்.

பார்த்ததும் 'பொறுங்கோ' இரண்டடி பின்னால் போனார். "சாமியின்ர பேரில வைச்சதை நான் எப்பிடி அழிக்கிறது? அதுவும் பிள்ளையார்! யானையெல்லாம் அவரின்ர ஆக்களெல்லோ!"

எனக்கும் கை போகவில்லை. அந்த நேரம் போன் அடித்தது. வதனி.

"அப்பா, எங்க நிக்கிறியள்? பஸ்ஸால இறங்கிட்டன். சந்திக் கடையும் பூட்டுறாங்கள். இஞ்ச ஒருத்தரும் இல்லை."

பூசாரி ஐயா தன் துண்டால் கண்ணாடியைத் துடைத்து, பொட்டை மட்காட்டில் வைத்தார். "பிள்ளையார் இதிலயும் இருப்பார். போங்கோ!"

மூட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பறந்தேன். பூட்டிய கடைக்கு முன்னால் பையை நெஞ்சோடு அணைத்தபடி பிள்ளை நின்றாள். ஏற்றிக்கொண்டு திரும்பினேன். வெளிச்சம் ரோட்டில் பாய் விரித்தமாதிரி விழுந்தது. பிள்ளைக்காக வழமைபோல முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு ரோட்டு வளைவுக்குக் கிட்ட வரும்போது, அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

"பொறுங்கோ! வராதேங்கோ! நிக்குது!"

நின்றது. ரோட்டுக்குக் குறுக்காக, மலை மாதிரி. நான் நினைக்கமுன் என் விரல் சுவிச்சை அமத்திவிட்டது.

"நூத்திட்டியளோ?" இருட்டுக்குள்ளிருந்து கேள்வி.

"நூத்திட்டன்!"

"எஞ்சின்?"

"ஓடுது!"

"பிள்ளை?"

"இருக்கிறாள்!"

"அப்ப பொறுங்கோ!"

வதனியின் நெற்றி என் முதுகில் அழுந்தியிருந்தது. எனக்கும் அந்தக் குரலுக்கும் நடுவில் நின்று இந்த விசாரணையைக் கேட்ட யானைக்கே அலுத்திருக்க வேண்டும். மெல்லத் திரும்பிப் பற்றைக்குள் இறங்கிப் போனது.

கிட்டப் போனால், பழைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு 'பொறுங்கோ' நின்றார். சாரத்தின் மடிப்பில் ஸ்பனர் செருகியிருந்தது.

"இதுக்குள்ள ஏன் அண்ணை வந்தனீங்கள்?"

"இடப்பக்க நட்டை இறுக்கினனானோ எண்டு சந்தேகம் வந்திட்டுது."

அந்த இடத்திலேயே குந்தியிருந்து ஸ்பனரை எடுத்தார். நட்டில் கொழுவித் திருகிப் பார்த்தார். நட் நல்ல இறுக்கமாகத்தான் இருந்தது.

"மாமா, நீங்கள் எப்பிடி வீட்டை போவியள்? சைக்கிளில லைட்டே இல்லையே" என்றாள் வதனி.

அவர் சைக்கிளைக் குனிந்து பார்த்தார். எல்லாவற்றுக்கும் பயந்த மனிதர், அதற்கு மட்டும் பயப்பட மறந்துபோயிருந்தார்.

அவர் முன்னால் உழக்க, நாங்கள் பின்னால் மெல்லப் போனோம். வெளிச்சம் அவர் முதுகில் விழுந்தது. சட்டை வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது. என் பிள்ளைக்காக நான் வழமையாகச் சொல்லும் வேண்டுதலை, அன்று அவர் வீட்டுப் படலை வரைக்கும் அந்த முதுகுக்கும் சேர்த்துச் சொன்னேன்.