சந்தேகம் சார் அழுதார்

சைக்கிளில் வந்தவன் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும், சந்தேகம் சாரின் வலது கை கைப்பேசியைப் பிடித்த வாக்கிலேயே முகத்துக்கு நேராக நின்றது. கைப்பேசிதான் இல்லை. வழி தெரியாமல் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தவரிடமிருந்து, பூட்டுத் திறந்த நிலையிலேயே பறித்துக்கொண்டு போய்விட்டான்.

அயல்நாடு, புரியாத மொழி, வந்து இரண்டே நாள். திருடன் திருடன் என்று கத்தலாம்தான். அந்த ஊர்ப் பாஷையில் திருடனுக்கு என்ன சொல்வார்கள் என்று தெரியாததால் வாயை மூடிக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் ஒரு வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவில் பயிற்சி கொடுக்கும் அதிகாரி. வாடிக்கையாளர் உதவி மையத்தில் போன் எடுக்கும் பிள்ளைகளுக்கு எவனையும் நம்பாதே என்று பாடம் எடுப்பதுதான் வேலை. சந்தேகம் சார் என்ற பெயரும் அந்தப் பிள்ளைகள் வைத்ததே. அவருக்கு அது தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. இந்த ஊருக்கு வந்ததுகூட மோசடித் தடுப்பு மாநாட்டில் பேசத்தான்.

வகுப்பில் தவறாமல் ஒரு கதை சொல்வார். போன வருஷம் ஒரு ஆள் வெளிநாட்டிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கைப்பேசி திருடுபோய்விட்டது என்று தேம்பித் தேம்பி அழுதானாம். போனை எடுத்த பெண் மனமிரங்கி, விதியை மீறி உதவி செய்துவிட்டாளாம். "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு தெரியுமா? கீழ்த்தளத்துல, பழைய ஃபைல் ரூம்ல, எலிக்குத் துணையா இருக்கு" என்பார்.

ஹோட்டல் அறைக்கு ஓடிவந்தபோது, மேஜைமேல் ஆபீஸ் லேப்டாப் திறந்தபடி இருந்தது. அதில் டிங் என்று ஒரு சத்தம். வங்கியிலிருந்து மின்னஞ்சல். அவர் கணக்கிலிருந்து ஒரு காப்பிக்கடைக்குப் பணம் போயிருந்தது. சின்னத் தொகைதான். ஆனால் திருடன் முதலில் சின்னதாக ஆழம் பார்ப்பான் என்பது அவர் எழுதிய பாடத்திலேயே மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த டிங் செருப்புக்கடை. அது சின்னத் தொகை இல்லை. ரகசிய எண் இல்லாமல் அவ்வளவு பணம் நகராது.

ரகசிய எண்ணை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவர், தன்னுடையதைக் கைப்பேசியில் பால்காரர் என்ற பெயரில் போட்டு வைத்திருந்தார். அவர் வீட்டில் வாங்குவது பாக்கெட் பால்.

கணக்கில் இருந்தது இரண்டு லட்சம். மகளின் நர்சிங் கல்லூரிக்குத் திங்கட்கிழமை கட்டவேண்டிய பணத்தில் பாதி. மறுபாதி, மனைவி பத்து வருஷம் தையல் மெஷின் மிதித்துச் சேர்த்தது, அவள் பேரில் தனிக் கணக்கில் இருந்தது. திங்கட்கிழமை தவறினால் சீட் வேறு யாருக்கோ போய்விடும். முதல் பட்டியலில் பெயர் வந்த அன்று மகள் வீட்டுக்குள் குதித்த குதி அவருக்கு நினைவு வந்தது.

லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரவேற்பு மேஜைக்கு ஓடினார். அங்கே இருந்த பெரியவர், இவர் சைகையைப் பார்த்துவிட்டு முதலில் தண்ணீர் கொடுத்தார், பிறகு கழிப்பறையைக் காட்டினார், மூன்றாவதாகத்தான் போனை நகர்த்தி வைத்தார்.

உதவி மையத்தில் ஒரு பெண் எடுத்தாள்.

"அம்மா, என் போன் திருடு போயிடுச்சு. வெளிநாட்டுல இருக்கேன். உடனே என் கணக்கை நிறுத்துங்க."

மறுமுனையில் மூச்சை இழுத்துப் பிடிக்கும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு மெல்லிய குரலில், "பதிவு பண்ணின நம்பருக்கு ஒரு எண் அனுப்பறேன் சார். படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

"அந்த நம்பர் திருடன்கிட்ட இருக்கும்மா."

"அப்ப மன்னிக்கணும் சார்."

நிறுத்தத்தானே சொல்கிறேன், கொடுக்கவா சொல்கிறேன் என்று வாதாடினார். நிறுத்தச் சொல்லிப் பதறுவதும் ஒரு தந்திரமே என்று விதி பதினான்கில் இருப்பதாக அவள் சொன்னாள். இருந்தது. போன வருஷம் அந்த வரியைச் சேர்த்தவரே அவர்தான்.

வேறு வழியில்லாமல், "உங்களுக்கு வகுப்பு எடுக்கிறவன்தாம்மா பேசறேன். சந்தேகம் சார்" என்றார். தன் பட்டப்பெயரைத் தன் வாயால் சொன்னது அதுவே முதல் தடவை.

"அதிகாரின்னு சொல்லிக்கிறவங்களை ரெண்டு மடங்கு சந்தேகப்படணும்னு அவர்தான் சார் சொல்லிக் கொடுத்திருக்கார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். குரல் ஏனோ நடுங்கியது.

டிங். கைக்கடிகாரம்.

மனைவியைக் கூப்பிட்டார். அவள் நேரில் வங்கிக்குப் போய் நிறுத்திவிடலாமே. ஆனால் தெரியாத எண்ணிலிருந்து யார் பேசினாலும், கணவனே ஆனாலும், முதலில் ரகசியச் சொல்லைக் கேட்கவேண்டும் என்று அவளையும் பழக்கி வைத்திருந்தார். மாதத்துக்கு ஒரு சொல். இந்த மாதச் சொல்லை விமானம் ஏறும் அவசரத்தில் மாற்றியிருந்தார்; இப்போது அது நினைவுக்கு வரவில்லை.

"ஸ்குரூடிரைவர்" என்றார்.

"அது போன மாசம்."

"பூசணிக்காய்."

"அது மார்ச் மாசம், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ யாரு?"

தான்தான் என்று நிரூபிக்க, வேறு யாருக்கும் தெரியாததைச் சொன்னார். அவளுடைய தையல் பணம் இரண்டு லட்சம் எந்த வங்கியில் இருக்கிறது, பச்சை அட்டை பாஸ்புக் பீரோவில் எந்தத் தட்டில், எந்தப் புடவைக்கு அடியில் இருக்கிறது என்பதுவரை புட்டுப் புட்டு வைத்தார். அந்தப் பக்கம் பீரோவைத் திறந்து பார்த்துப் படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. பயந்துவிட்டாள் என்று தெரிந்தது. சமாதானப்படுத்த நினைத்து, "கோவிச்சுக்காதம்மா, நீ கேக்கறது சரிதான்" என்றார்.

"நான் சொல்றது சரின்னு எங்க வீட்டுக்காரர் ஆயுசுல சொன்னதில்ல. வைடா போனை" என்றாள்.

மறுபடி கூப்பிட்டால் மணியே போகவில்லை. எண்ணைத் தடை செய்துவிட்டாள். பரவாயில்லை, குறைந்தபட்சம் அவள் பணமாவது தப்பியது என்று அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது இன்னொரு டிங். இந்தத் தடவை வரவு. அவர் கணக்கில் இரண்டு லட்சம் வந்து விழுந்திருந்தது. கீழே மனைவி எழுதிய குறிப்பு: 'எவனோ ஒரு திருடனுக்கு என் பாஸ்புக் இருக்கிற இடம்கூடத் தெரியுது. பணம் உங்ககிட்ட பத்திரமா இருக்கட்டும்.'

சந்தேகம் சார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. வங்கியின் இணையதளத்தில் வேண்டுமென்றே மூன்று முறை தப்பான கடவுச்சொல்லைப் போட்டால் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும் அல்லவா? போட்டார். பூட்டிக்கொண்டது, லேப்டாப் வழி மட்டும். 'உங்கள் பாதுகாப்புக்காக இணைய வழி மூடப்பட்டது. கைப்பேசி வழியாகத் தடையின்றித் தொடரலாம்' என்று எழுதி வந்தது. எல்லா வாசலையும் அவரே சாத்தி, திருடனுக்கு மட்டும் ஒன்றைத் திறந்து வைத்தாயிற்று.

டிங். கட்டில், மெத்தை, இரண்டு தலையணை. திருடன் குடித்தனமே வைக்கிறான்.

மறுபடி உதவி மையம். ஒரே எண்ணிலிருந்து திரும்ப வரும் அழைப்பை முதலில் பேசிய ஆளே எடுக்கவேண்டும் என்பது விதி பதினைந்து. அதுவும் அவர் கைங்கரியம். ஆகவே அதே பெண்.

இந்த முறை அவர் வாதாடவில்லை. மகளைப் பற்றிச் சொன்னார். திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னார். தையல் மெஷினைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. நாற்பது வருஷமாக யார் முன்னாலும் அழாத மனிதர், அந்த வரவேற்பு மேஜையில் தலையைச் சாய்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். பெரியவர் திரும்பவும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"பாவமாத்தான் சார் இருக்கு" என்றாள் அந்தப் பெண். அவளும் அழுதுவிடுவாள் போலிருந்தது. சந்தேகம் சார் தலையை நிமிர்த்தினார். "ஆனா விதி பதினான்கு சார்" என்று சொல்லிவிட்டு அவசரமாக வைத்துவிட்டாள்.

அதன்பிறகு நிமிஷத்துக்கு ஒன்றாக டிங், டிங் என்று வந்துகொண்டே இருந்தது. பிறகு சத்தம் நின்றது. நின்றதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி மின்னஞ்சலைப் பார்த்தார். மீதி நாற்பத்திரண்டு என்றிருந்தது. லட்சம் இல்லை, வெறும் நாற்பத்திரண்டு.

வீட்டுக்கு எப்படித் திரும்புவது, மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. யாரிடமாவது சொன்னால் தேவலை என்றிருந்தது. அவருக்குத் தெரிந்த பாஷையில், அவர் போனை எடுக்கக்கூடிய ஒரே ஜீவன் அந்தப் பெண்தான். மூன்றாம் முறை எண்ணை அழுத்தினார்.

"இனிமே நிறுத்த ஒண்ணும் இல்லம்மா. எல்லாப் பணமும் போயிடுச்சு" என்றார்.

மறுமுனையில் அவள் இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை நிம்மதியாக விட்டாள்.

"முதல் வார்த்தையிலேயே குரலை வச்சு நீங்கதான்னு கண்டுபிடிச்சுட்டேன் சார். போன வருஷம் நீங்க சோதனை வைக்க இதே மாதிரி அழுதப்ப, நம்பிதான் பக்கத்து சீட் அக்கா ஃபைல் ரூமுக்குப் போனாங்க. நான் மூணு தடவையும் நம்பவே இல்ல, டெஸ்ட்ல நான் பாஸ்தானே சார்?"