பசை அண்ணாச்சியின் பூனையும் மாட்டாஸ்பத்திரியும்

கோவில்பட்டி மாட்டாஸ்பத்திரிக்கு மாடுகளைவிட அதிகமாகப் போய்வந்த ஜீவன் ஒன்று உண்டென்றால் அது பசை அண்ணாச்சிதான். மாடு நோய் வந்தால்தான் போகும். அண்ணாச்சிக்கு அந்த நிபந்தனை கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில் வங்கிக் குமாஸ்தாவாக அந்த ஊருக்கு மாற்றலாகிப் போன நான், அவருடைய மாவு மூட்டைக் கிட்டங்கிக்கு மேலே மாடியறையில் குடியிருந்தேன். தீப்பெட்டி ஆபீசுகளுக்குப் பெட்டி ஒட்டும் பசைமாவு சப்ளை செய்கிறவர் அவர். மாவு இருந்தால் எலி வரும், எலி வந்தால் பூனை வளர்ப்பார்கள். அண்ணாச்சி வளர்த்த கடுவன் பூனையின் பெயர் துரை. துரைக்கும் எலிகளுக்கும் எந்தத் தகராறும் இல்லை. மூட்டையின் மேல் அவன் தூங்குவான், மூட்டைக்குள் அவை சாப்பிடும்.

"எலி பிடிக்காத பூனை எதுக்கு அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நீங்க பேங்க்ல என்னத்த சார் பிடிக்கீங்க? சம்பளம் தாராம்லா?"

அதற்குப் பிறகு துரையைப் பற்றி நான் விமர்சனம் செய்வதில்லை.

துரை பகலெல்லாம் தூங்குகிறான் என்று முதல்முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். "பூனைன்னா தூங்கும்யா. முழிச்சே இருந்தா கொண்டு வாரும்" என்றார் டாக்டர். அடுத்தது, துரை புல் தின்றான். "பய மாடாயிட்டு வாரான் டாக்டர். அடிக்கடி இங்கன வந்ததுல ஒட்டிக்கிட்டுன்னு நினைக்கேன்." மூன்றாவதாக, துரை கக்கிய முடியுருண்டையை வாழையிலையில் மடித்துக் கொண்டுபோய் டாக்டரின் மேஜையில், அவருடைய இட்லிப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். டாக்டர் அதைத்தான் முதலில் பிரித்தார்.

நடுவில் ஒருமுறை துரை காதைச் சொறிந்துகொண்டே இருக்க, உள்ளே காப்பித்தூள் மாதிரி அழுக்கு. "இது காதுப்பூச்சி. நல்லவேளை கொண்டுவந்தீர்" என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். அந்தப் பாராட்டுதான் வினையாகப் போயிற்று. அதன்பின் துரை கொட்டாவி விட்டாலும் அண்ணாச்சி செருப்பைத் தேடினார்.

"எனக்கு மண்டையிடின்னா சுக்கு. பூனைக்குத் தும்மல்னா டாக்டர்!" என்பார் அவர் மனைவி. தெருவே அவரை மதினி என்றுதான் கூப்பிடும்.

கடைசியில் ஒருநாள், துரைக்கு உடம்பு சுடுகிறது, தன் காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று கேட்கப் போனார். டாக்டர் வெடித்துவிட்டார்.

"மனுச மாத்திரை பூனைக்கு விஷம்யா! வெளியே எத்தனை ஆடு நிக்கி, பாரும். பூனை ஒருநாள் முழுக்கச் சாப்பிடலையா, வாயைத் தொறந்து மூச்சு வாங்குதா, விடாம வாந்தி எடுக்கா, ஒண்ணுக்குப் போக முடியலையா, உடனே ஓடி வாரும். மத்ததுக்கு வந்தீருன்னா உமக்குத்தான் ஊசி. மாட்டு ஊசி!"

ஆட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் டாக்டரின் வசனத்தை ஒரு சொல் விடாமல் ஒப்பித்துப் புலம்பினார். ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு காலை. கீழே இறங்கினால், அண்ணாச்சி விளக்கெண்ணெய்ப் பாட்டிலோடு நிற்கிறார். துரை மணலில் குந்தி முக்குகிறான், எழுந்து நாலடி போய் மறுபடி குந்துகிறான்.

"மலச்சிக்கல் சார். நேத்து மத்தியானத்திலேருந்து முக்குதான். ரெண்டு சொட்டு விட்டாச் சரியாயிரும்."

மணலைப் பார்த்தேன். எங்கும் ஈரமே இல்லை. டாக்டரின் வசனம் அதற்குள் எனக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணுக்குப் போனானா?"

அண்ணாச்சி பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"முக்குததுக்கெல்லாம் போனா சிரிப்பாங்க சார். நான் வரலை."

கொட்டாவிக்கு ஓடிய மனிதர், ஓடவேண்டிய நாளில் பார்த்து மானஸ்தராகிவிட்டார். அப்போது துரை சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தான். அண்ணாச்சி அவன் வயிற்றைத் தொட்டார். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ கல்லாக இருந்தது. மானத்தோடு செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு துரையைத் தூக்கிக்கொண்டு என் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏறினார்.

தெருமுனையில் சிமெண்டுக் கடைக்காரர் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக எதிரே வந்தார். "என்னண்ணாச்சி, நல்ல காரியத்துக்குக் கிளம்புதேன், பூனையோட எதுக்க வருதீங்களே!"

"ஏலே, குறுக்கயா போகுது? நேராத்தாம்லே போகுது! வழிய விடு!"

டாக்டர் துரையின் வயிற்றைத் தொட்டதும் முகம் மாறினார். "மூத்திரம் அடைச்சிருக்கு. கடுவனுக்கு இது வந்தா ஒரு நாள் தாங்குததே பெரிசு. நேத்தே ஏன்யா வரலை?"

"நீங்கதான்... மாட்டு ஊசி..."

டாக்டர் துரையை மேஜையில் கிடத்தினார். மயக்க ஊசி போட்டு, மாடுகளுக்கான குழாய்களுக்கு நடுவே நூல் போல ஒன்றைத் தேடியெடுத்தார். அண்ணாச்சி வாசலுக்கு வந்து, யாருடையதோ தெரியாத ஒரு பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது. பசுவின் சொந்தக்காரர் கயிற்றைக் கேட்கவில்லை.

"வந்துட்டுய்யா!" என்று உள்ளே ஒரு கூச்சல். ஓடினோம். டாக்டரின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அண்ணாச்சி அந்தச் சட்டையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணிலும் தண்ணீர்.

"கருவாட்டை நிப்பாட்டும். தண்ணி நிறையக் குடிக்க வையும்" என்றார் டாக்டர். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எதுன்னாலும் வாரும். கொட்டாவின்னாலும் வாரும்" என்றார்.

குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் எட்டிப் பார்க்கிற ஊரில் துரைக்குத் தனிக்குடம் வந்தது. "நான் ஒரு வாளி கூடக் கேட்டா முறைக்காரு!" என்றார் மதினி. திட்டிக்கொண்டே குடத்தைத் தினமும் அவர்தான் கழுவினார்.

அன்று முதல் அண்ணாச்சி யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரிப்பதில்லை. கடைக்கு வந்தவர், கடிதம் கொண்டுவந்தவர், அடுத்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர், எல்லோரிடமும் ஒரே கேள்வி: "ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?" வங்கி கவுண்டரில் வரிசை நிற்கும்போதே என்னையும் கேட்டிருக்கிறார். தலை நிமிர முடியாமல் ஆமாம் என்றிருக்கிறேன்.

பிறகு எனக்கு வெகுதூரத்துக்கு மாற்றல் வந்தது. போன இடத்தில் ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டேன். பழம் வாங்கிக்கொண்டு நிறையப் பேர் வந்தார்கள், எல்லாம் விசாரித்தார்கள். அந்த ஒரு கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் அது எனக்கு அயலூர் என்று பட்டது.