ரயிலில் வர வேண்டாம், மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை குரு அவர்களுக்கு, நல்லம்பள்ளி மாமன் மாரப்பன் எழுதுவது. என் இடது கால் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும், சுகுணாவின் நலமும், வயிற்றுப் பிள்ளையின் நலமும் அறிய ஆவல். போனில் சொன்னால் சுகுணா சிரித்துவிடுகிறாள். ஆகவே பெங்களூர் திரும்பும் உங்கள் மச்சான் அன்பு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சுகுணாவைத் தலைப்பிரசவத்துக்கு ரயிலில் கூட்டி வருவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். ரயிலில் குண்டு வைக்கப் போவதாக வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. எழுதியவர் யாரென்றே தெரியவில்லை. அவ்வளவு ரகசியமான செய்தி. உங்கள் பைக்கில் மெதுவாக வாருங்கள். நெடுஞ்சாலையில் எவன் குண்டு வைக்கப் போகிறான்? எதற்கும் நேரில் பார்த்துவிடலாம் என்று தருமபுரி ரயில் நிலையத்துக்குக் கிளம்பினேன். அன்பு வண்டி ஓட்ட, நானும் உங்கள் அத்தை பெரியம்மாளும் பின்னால் நெருக்கி உட்கார, மூவருக்கும் ஹெல்மெட் இல்லாமல், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு போலீஸ் நாய் வந்தது. என்ன கம்பீரம், மாப்பிள்ளை! அது ஒவ்வொரு பையாக மோந்து வர, கூட்டமே மூச்சை அடக்கி நின்றது. என் பையிலிருந்த வேர்க்கடலையை மோந்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. என்னையறியாமல் கும்பிட்டுவிட்டேன். அதையே பார்த்தபடி பின்னால் நகர்ந்தவன், வாசல் படிக்கட்டில் உருண்டேன். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடமை என்றால் அது.

இப்போது எலும்பு வார்டில் இருக்கிறேன். எதிர்க் கட்டில் கோவிந்தன் புளியமரத்திலிருந்து விழுந்தவர். ஜவுளிக்கடை ஜமீர் பாய் குளியலறையில் வழுக்கியவர். வார்டு முழுக்க விசாரித்துவிட்டேன். தீவிரவாதியால் எலும்பு முறிந்தவர் ஒருவர்கூட இல்லை. நாடு எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்று மலைத்துப் போனேன்.

“தீவிரவாதி எதுக்குங்க, எங்க வூட்டு சோப்பு ஒன்னே போதும்” என்கிறார் ஜமீர் பாய்.

“புள்ளத்தாச்சிய பைக்ல ஏத்திக்கிட்டு வரச்சொல்ற மனுசன எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா பாய்?” என்று அவரிடம் கேட்கிறாள் பெரியம்மாள். அவளுக்கு நாட்டு நடப்பு தெரியாது. நீங்கள் பைக்கிலேயே வாருங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள். பிறக்கப் போகும் பிள்ளைக்கு இப்போதே என் ஆசிகள்.

தங்கள் மாமன்,
மாரப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். உங்கள் வயதுதான் இருக்கும். பெங்களூரிலிருந்து பைக்கில் வந்தவராம். என்ன ஆயிற்று என்று கேட்டேன். “எருமை குறுக்க வந்துடுச்சுங்க” என்றார். பிறகு மெல்ல, “பின்னாடி எம்பொண்டாட்டி உக்காந்திருந்தா. அவள எங்க வெச்சிருக்காங்கன்னு கேட்டுச் சொல்றீங்களா?” என்றார். பெரியம்மாள் பெண்கள் வார்டுக்கு ஓடினாள். அவள் திரும்பி வந்து, “கை மட்டுந்தான். நல்லா பேசறா” என்று சொல்லும்வரை வார்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை, ரயிலிலேயே வாருங்கள்.