இர்ஷாத்தின் முழங்காலும் என்னுடைய இல்லாத அணியும்

வாழ்க்கையில் ஒரேயொரு கூடைப்பந்து அணிக்கு நான் சொந்தக்காரனாக இருந்திருக்கிறேன். அந்த அணி உலகத்தில் எங்கும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் அதனால் ஒருவனுடைய முழங்கால் போனது. இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மன்னாரிலிருந்து வந்து புத்தளத்தில் தங்கிவிட்ட எங்கள் சனமெல்லாம், திரும்பிப் போவதா இங்கேயே இருப்பதா என்று வீட்டுக்கு வீடு கூடிக் கதைத்துக்கொண்டிருந்த காலம். நானோ ஒரு பல்கலைக்கழக மாணவனை அணியில் வைத்திருப்பதா வெட்டுவதா என்று யோசித்து மெலிந்துகொண்டிருந்தேன்.

இந்த வியாதியைக் கொண்டுவந்தவர் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மச்சான். அங்கே கல்லூரிகளில் விளையாடுகிறவர்களைப் பொறுக்கி, ஆளாளுக்கு ஒரு கற்பனை அணி வைத்துக்கொள்வார்களாம். மைதானத்தில் அந்தப் பிள்ளை வியர்வை சிந்தி எடுக்கிற புள்ளி, வீட்டில் கதிரையில் சாய்ந்திருக்கிற நமக்கு வந்து சேருமாம். மச்சான் விமானம் ஏறிப் போய்விட்டார். நானும் மருந்துக்கடை நஸாரும் இன்னும் இரண்டு கூட்டாளிகளும் உள்ளூர்ப் பல்கலைக்கழகப் போட்டிகளை வைத்து அதே விளையாட்டைத் தொடங்கினோம். மன்னாரில் தெருவெல்லாம் கழுதைகள் திரியும் என்பதால், என் அணிக்கு 'மன்னார்க் கழுதைகள்' என்று நானே பெயர் வைத்தேன். (பொருத்தம் பிறகுதான் விளங்கியது.)

போட்டிப் பருவத்தின் நடுவில் ஒருமுறை மட்டும் ஆளை மாற்றலாம் என்பது எங்கள் சட்டம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சொல்லிவிட வேண்டும். என் அணியின் தூண், கற்பிட்டிப் பையன் இர்ஷாத், முழங்காலில் அடிபட்டு வீட்டுக்கு வந்திருக்கிறானாம். வைப்பதா வெட்டுவதா?

"நேரில போய்க் காலப் பாத்துட்டு வாங்களேன் நானா, நீங்கதானே முதலாளி" என்றார் நஸார். (எங்களுக்கு நானா என்றால் அண்ணன்.) அவர் பகிடிக்குச் சொன்னார். நான் ஒரு பை தோடம்பழம் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கற்பிட்டிக்குப் புறப்பட்டேன்.

வாசலில் இர்ஷாத்தின் வாப்பா நின்றார். என்னவென்று சொல்வது? "சும்மா இந்தப் பக்கம் வந்தன். தம்பிக்குக் காலில அடிபட்டதாம் எண்டு கேள்விப்பட்டன். பாத்துட்டுப் போகலாம் எண்டு..."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க மன்னார்ப் பக்கமோ?"

"ஓம்."

அந்த ஒரு 'ஓம்' போதுமாயிருந்தது. அவருடைய முகம் மலர்ந்து, கதவு இரண்டும் அகலத் திறந்து, புதுப்பாய் விரிந்து, உள்ளே பாத்திரங்கள் அவசரமாகப் பேசத் தொடங்கின. கட்லட், வட்டிலப்பம், பட்டர் கேக் எல்லாம் வந்தன. விளையாட்டு ரசிகர்களுக்கு இந்த ஊரில் என்ன மரியாதை என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

விஷயம் இதுதான். இர்ஷாத்துக்குக் குறிஞ்சிப்பிட்டியில் ஒரு பெண் பேசியிருந்தார்கள், எங்களைப் போல மன்னாரிலிருந்து வந்த குடும்பம். பையன் நொண்டியாகிவிட்டான் என்று யாரோ அங்கே போய் ஊதியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில், சந்தேகம் வந்தால் பெண் வீட்டார் நேரே கேட்கமாட்டார்கள். பெரியவர் ஒருவர் பழமோ பலகாரமோ எடுத்துக்கொண்டு, சும்மா வந்ததுபோல வந்து, மாப்பிள்ளையை அளந்துவிட்டுப் போவார். மாப்பிள்ளை வீட்டாரும் ஒன்றும் தெரியாததுபோல உபசரிப்பார்கள். அவர்கள் அந்த வாரம் முழுதும் அந்தப் பெரியவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பேசியிருப்பதே எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு அளந்துகொண்டிருந்தேன்.

"தம்பி எவ்வளவு உயரம்?"

"ஆறடிக்கு மேல" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து உம்மா, பெருமையோடு.

"வேற யாரும் இவரக் கேட்டு வந்தாங்களா?" (நஸாரின் அணிக்கும் இவன்மேல் ஒரு கண் இருந்தது.)

"வந்தாங்கதான். நாங்க வாக்குக் குடுக்கல்ல" என்றார் வாப்பா.

"நல்லது, நல்லது. காலம் முழுக்கத் தாங்குமா இந்தக் கால்?" நான் கேட்டது போட்டிக் காலத்தை.

இர்ஷாத் வெட்கத்தோடு எழுந்து அறைக்குள் நடந்து காட்டினான். நல்ல நடை. அத்தோடு நான் வந்துவிட்டிருக்கலாம். ஆனால் பந்து பிடிக்கிறவனுக்கு நடை போதாதே.

"பாய ஏலுமா தம்பி?"

வாப்பாவுக்கே அது கொஞ்சம் கூடுதலாகத்தான் பட்டிருக்கும். ஆனாலும், "மாமாவுக்குப் பாய்ஞ்சு காட்டு மகன்" என்றார். இர்ஷாத் கூரை வளையைத் தொடப் பாய்ந்தான். தொட்டான். எனக்கு மெய்சிலிர்த்தது. இறங்கியது எனக்காக விரித்த புதுப்பாயின் ஓரத்தில். பாய் வழுக்கியது. முழங்கால் ஒரு சத்தம் போட்டது. அதைவிடப் பெரிய சத்தம் இர்ஷாத் போட்டான்.

அவன் தரையில் கிடந்து "உம்மா, உம்மா" என்று துடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஸலாம் கேட்டது. தோடம்பழப் பையோடு ஒரு பெரியவர்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தன்..."

வாப்பா அவருடைய பையைப் பார்த்தார். என்னுடைய பையைப் பார்த்தார். "அப்ப நீங்க யாரு?"

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்ப முடியவில்லை.

"கற்பன டீமா?"

"ஓம்."

"அதுல எங்கட புள்ளயும் ஈக்கிறானா?"

"ஓம்."

"அது அவனுக்குத் தெரியுமா?"

"இல்ல."

தரையில் கிடந்த இர்ஷாத் ஒரு கணம் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

பெரியவர் வந்த வேனில்தான் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலை நான் பிடித்துக்கொண்டேன். (எனக்குப் பங்கு அந்தக் கால்தானே.) தசைநார் அறுந்துவிட்டது, இந்தப் பருவத்தில் விளையாட்டே இல்லை என்றார் டாக்டர். இனிமேல் எழுதப்போவதுதான் எல்லாவற்றிலும் கேவலம். நான் நடைபாதைக்கு வந்து நஸாருக்குப் போன் எடுத்தேன். "இர்ஷாத்த வெட்டிட்டு வேற ஒரு ஆளப் போடுங்க" என்றேன். பழக்கதோஷம். திரும்பினால் பின்னால் வாப்பா நின்றார். அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் போனார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளக்கிக் கலியாணம் நிண்டா நீங்கதான் பொறுப்பு. போய்ச் சொல்லுங்க" என்றாள். அடுத்த நாள் குறிஞ்சிப்பிட்டிக்குப் போய், பெண்ணின் வாப்பாவுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, பையன் நன்றாகத்தான் இருந்தான், நான்தான் பாயச் சொன்னேன், நான்தான் முட்டாள் என்று ஒப்புவித்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். பையன் தரையில் கிடந்து துடித்ததைத் தோடம்பழப் பெரியவர் கண்ணால் பார்த்த சாட்சி வேறு எனக்கு எதிராக இருந்தது. அப்போது உள்ளறையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். சிரித்தது பெண். அந்தச் சிரிப்பில் கலியாணம் தப்பியது.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளை ஊன்றுகோலோடு வந்தார். வாப்பா என்னைப் பந்தி பந்தியாகக் கூட்டிக்கொண்டு போய், "இவருதான் மகன்ட முதலாளி" என்று அறிமுகப்படுத்தினார்.

இர்ஷாத் அதற்குப் பிறகு பந்து விளையாடவேயில்லை. இப்போது கற்பிட்டியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறார். பெருநாளைக்கு அவர் வீட்டுக்குப் போவோம். எல்லாரும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி என்னைக் கேட்பார்கள், சிரிப்பார்கள். மழைக்குணம் இருக்கிற நாட்களில் அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சிரிப்பார். நான் வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன பெருநாளில் நாங்கள் படலையைத் திறந்ததுமே அவருடைய சின்ன மகள் உள்ளே ஓடினாள்.

"வாப்பா, பாஞ்சிராதீங்க! அந்த மாமா வாறாரு!"